ஆற்று மணலும் ஒற்றை ஜீப்பும்: ஆளணி குறைந்த பொலிஸ் நிலையத்துக்கு ஊர் எவ்வாறு உதவலாம்?

கேள்வி: ஆற்றங்கரைக் கமக்காரன்

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே கனகராயன் ஆற்றை அண்டிய ஒரு கிராமத்தின் கமக்காரர் அமைப்பில் நான் செயலாளராக இருக்கிறேன். ஊரின் பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு. வாசித்துக்கொண்டு போகும்போது அது விளங்கும்.

எங்கள் பகுதியில் இரண்டு வருடங்களாக இரவில் மணல் அகழப்படுகிறது. தொடக்கத்தில் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் உழவு இயந்திரத்தில் ஒரு பெட்டி மணல் ஏற்றி விற்றார்கள். வீடு கட்டுபவர்களுக்கு அது வசதியாக இருந்ததால் நாங்களும் கண்டும் காணாமல் இருந்துவிட்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இன்று நடப்பது வேறு. இரவு 11 மணிக்குப் பின் உழவு இயந்திரங்கள் ஆற்றுக்குள் இறங்கி, அள்ளிய மணலைத் தனியார் காணி ஒன்றில் கும்பியாகக் குவிக்கின்றன. விடிவதற்கு முன்னர் டிப்பர்கள் வந்து அதை ஏற்றிச் செல்கின்றன. ஒழுங்கை முகப்பிலும் பிரதான வீதியில் ஏறும் இடத்திலும் கைத்தொலைபேசியுடன் பையன்கள் காவல் நிற்கிறார்கள். அள்ளுபவர் ஒருவர், குவிப்பவர் இன்னொருவர், ஏற்றுபவர் வேறொருவர். இவர்கள் எல்லோருக்கும் பணம் கொடுப்பவரை ஊரில் எவரும் கண்டதில்லை. கடந்த மாரியில் ஆற்றோரத்து வயல்களின் வரம்பு இடிந்து விழுந்தது. கோடையில் கிணறுகளின் நீர்மட்டம் முன்னரைவிடக் கீழே போய்விட்டது.

எங்கள் அங்கத்தவர் ஒருவர் ஓர் இரவு பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஜீப் வந்தபோது ஆற்றில் மனித நடமாட்டமே இருக்கவில்லை. மறுநாள் காலையில் முன்பின் தெரியாத இருவர் அவருடைய படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "அண்ணைக்கு ராத்திரியில நித்திரை வாறேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். அதன் பின்னர் ஊரில் எவரும் தொலைபேசியைத் தொடவில்லை.

நாங்கள் மூன்று பேர் நேரில் சென்று பொறுப்பதிகாரியைச் சந்தித்தோம். அவர் மரியாதையாகவே பேசினார். ஓடக்கூடிய நிலையில் இருப்பது ஒரு ஜீப் என்றும், இரவில் வெளியே அனுப்பக்கூடியவர்கள் நான்கைந்து பேர் என்றும், அந்த நான்கைந்து பேரே கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தையும் கஞ்சாவையும் வீதி விபத்தையும் குடும்பச் சண்டையையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே பொலிஸார் ஏன் ஒன்றும் செய்வதில்லை என்று நான் கேட்கவில்லை. இருக்கிற ஜீப்பையும் இருக்கிற ஆட்களையும் வைத்துக்கொண்டு எதைச் செய்ய முடியும்? எங்களில் ஒருவரும் தனித்து அகப்படாமல் அதற்கு நாங்கள் எவ்வாறு கைகொடுக்கலாம்? அனுபவமுள்ளவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


பதில் 1: ஓய்வுபெற்ற சார்ஜன்ட்

தம்பி, பொறுப்பதிகாரி சொன்ன கணக்கு சரியானது. பொலிஸ் நிலையம் ஒன்றின் ஆளணியைக் கேட்டால் எண்ணிக்கை பெரிதாகத் தோன்றும். அதிலிருந்து நீதிமன்றக் கடமை, வாயிற் காவல், சந்தேகநபர்களைக் கொண்டு செல்வது, பிரமுகர் வருகை, கோயில் திருவிழா, பயிற்சி, விடுமுறை ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். நான் கடமையாற்றிய நிலையம் ஒன்றில் இரவு 10 மணிக்கு மேல் என் கையில் எஞ்சியவர்கள் ஐந்து பேருக்கு மேல் இருந்ததில்லை. வன்னியின் பரப்பும் ஒரு தனிச் சிக்கல். முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கே வசித்தவர்கள் ஏறத்தாழ 92,000 பேர். ஆட்தொகையைப் பார்த்தால் பொலிஸார் போதும் என்று தோன்றும். காட்டையும் குளத்தையும் ஆற்றையும் பார்த்தால்தான் பற்றாக்குறை விளங்கும்.

நீங்கள் விட்ட பிழை ஒன்றைச் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். ஆற்றுக்குள் வைத்துப் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். அதுதான் அவர்களுக்கு மிகவும் வாய்ப்பான இடம். இருட்டு, பற்றைக்காடு, ஓடுவதற்கு நான்கு திசை. ஜீப் நிலையப் படலையைத் தாண்டும்போதே அவர்களுடைய தொலைபேசி அடித்துவிடும். உள்ளே இருக்கும் ஒருவர்தான் எப்போதும் சொல்ல வேண்டும் என்பதில்லை. எதிரே தேநீர்க் கடை வாங்கில் இருக்கும் பையனே போதும். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒரு பொருள் பகலிலும் அசையாமல் கிடக்கிறது, கவனித்தீர்களா? அந்த மணல் கும்பி. அதற்கு ஓடத் தெரியாது. அது கிடக்கும் காணிக்கு உரிமையாளர் இருக்கிறார். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ், அகழ்வதற்கு மட்டுமல்லாமல் மணலைக் கொண்டு செல்வதற்கும் விற்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். பகல் 10 மணிக்கு இரண்டு உத்தியோகத்தர்களும், புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அலுவலர் ஒருவரும், கிராம அலுவலரும் போய், இந்த மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு இரவு ரோந்து எதற்கு?

அடுத்தது வீதி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழுக்கியாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை; அதுவும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஆகவே அங்கே கட்டப்படும் வீட்டுக்கு ஆற்று மணல் வேண்டுமானால் அது வன்னியைக் கடந்தே போக வேண்டும். டிப்பர் போகக்கூடிய பெருவழிகள் இரண்டு: ஏ9 வீதியில் ஆனையிறவு, ஏ32 வீதியில் 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம். நூறு ஒழுங்கைகளைக் காவல் காக்க முடியாத நிலையம்கூட இரண்டு வாய்களில் தாள்களைப் பரிசோதிக்க முடியும். அங்கே பார்க்க வேண்டியது அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை மட்டுமல்ல; அதில் எழுதியிருக்கும் நேரமும் இடமும் அளவும் பொருந்துகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே தாளில் ஒரே நாளில் மூன்று தடவை ஓடுவது பழைய வித்தை. 2019 டிசம்பரில் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது, டிப்பரை நிறுத்தினாலும் சாரதியிடம் கேட்பதற்கு எங்களுக்குக் கேள்வியே இருக்கவில்லை. பின்னர் அந்த நடைமுறை திரும்ப வந்தது. கையில் துவக்கு இருப்பதைவிட, கேட்பதற்கு ஒரு தாள் இருப்பது பெரிய பலம் என்பதை அந்த மாதங்களில்தான் உணர்ந்தேன்.


பதில் 2: மாதர் சங்கத்து அக்கா

சார்ஜன்ட் ஐயா சொன்ன வழிகள் நல்லவை. ஆனால் எவர் போய்ச் சொல்வது என்ற இடத்திலேயே எங்கள் ஊர்கள் நின்றுவிடுகின்றன. அதற்குப் பயம் மட்டும் காரணமல்ல. போர்க்காலத்தில் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு வந்து, தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர்களை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. "தலையாட்டி" என்ற சொல்லுக்கு இன்றும் எங்கள் வாய் கூசும். அந்த நினைவு இருக்கும் ஊரில், தனி ஒருவர் பொலிஸ் நிலையப் படியேறினால் அவர் முறைப்பாடு கொடுக்கப் போனார் என்று ஊர் நினைக்காது. காட்டிக்கொடுக்கப் போனார் என்றே நினைக்கும். மணல் முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். படலையடியில் வந்து நின்றவர்கள் கத்தி காட்டவில்லை, பாருங்கள். காட்டத் தேவையில்லை.

கசிப்புப் பிரச்சினையில் நாங்கள் கண்டறிந்தது இதுதான். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் முதல் வருடம் ஒரு தாய் மட்டும் சென்று முறையிட்டார். அவருடைய வேலிக்கு நெருப்பு வைத்தார்கள். அடுத்த வருடம் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, கூட்ட அறிக்கையின் பிரதியை இணைத்து, சங்கத்தின் கடிதத் தாளில், தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் ஒப்பமிட்டுக் கொடுத்தோம். கூட்டத்துக்கு 40 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எவருடைய வேலிக்கு நெருப்பு வைப்பது? கோடாப் பீப்பாய்கள் மூன்று வாரத்தில் பிடிபட்டன. காய்ச்சியவர் தண்டம் கட்டிவிட்டு இன்னோரிடத்தில் தொடங்கிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பாடசாலை வீதியில் அல்ல.

இன்னொன்று. காவல் நிற்கும் அந்தப் பையன்கள் எங்கள் பிள்ளைகள். ஓர் இரவு விழித்திருந்தால் கிடைக்கும் காசு, வயலில் ஒரு நாட்கூலியைவிடக் கூட. அந்தக் காசில் சிலர் ஐஸ் போதைப்பொருள் பழகிவிட்டார்கள். பிடிக்கப் போகும்போது முதலில் அகப்படுபவர்களும் அவர்கள்தான். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸார் தொடங்கிய "யுக்திய" நடவடிக்கையில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் கைதுகள் நடந்தன. 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்களே அதை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கேட்டார்கள். எண்ணிக்கை கூடியதால் எங்கள் ஊரில் போதைத் தூள் குறைந்ததாக நான் காணவில்லை. தயவு செய்து பையன்களைப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல விடாதீர்கள். யாருடைய காசு அது என்று பையனிடம் கேட்பவர்தான் வேலை செய்பவர்.


பதில் 3: வவுனியாச் சட்டத்தரணி

அக்கா சொன்ன கூட்டுக் கடிதத்துக்குச் சட்டத்திலும் பெறுமதி இருக்கிறது. அதனோடு சேர்த்துச் செய்யக்கூடியவற்றை எழுதுகிறேன்.

முதலில் தகவலறியும் விண்ணப்பம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரதேச செயலாளர் பிரிவில் இப்போது வலுவிலுள்ள மணல் அகழ்வு அனுமதிப்பத்திரங்கள் எத்தனை, எந்தக் காணிக்கு, எத்தனை கியூப், எந்தத் திகதிவரை என்று, சார்ஜன்ட் ஐயா குறிப்பிட்ட சுரங்கங்கள் பணியகத்திடம் எழுதிக் கேளுங்கள். விண்ணப்பம் பற்றிய முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் காரணம் கேட்க முடியாது. ஆற்றில் அள்ளுபவர்கள் பல இடங்களில் எங்கோ ஒரு மேட்டுக் காணிக்குப் பெற்ற தாளையே காட்டுகிறார்கள். பட்டியல் உங்கள் கையில் இருந்தால், கும்பி கிடக்கும் காணி அதில் இல்லை என்பதை நீங்களே எழுத்தில் காட்டலாம். இதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன், ஏனெனில் இதில் எவரும் எவரையும் குற்றம் சாட்டவில்லை. ஓர் அமைப்பு ஓர் அலுவலகத்திடம் ஒரு பட்டியலைக் கேட்கிறது, அவ்வளவே.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுப்பதானால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை நினைவில் வைத்திருங்கள். வாய்மொழியாகக் கொடுக்கும் தகவலை அது கொடுக்கப்பட்ட மொழியிலேயே எழுதி, கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய பக்கத்தில் ஒப்பமிடாதீர்கள். எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் 24 மணித்தியாலமும் இரு மொழி தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும் என்று, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011லேயே பரிந்துரைத்தது. ஆளணிக் குறைபாடு பற்றிப் பேசும்போது இந்தக் குறைபாட்டை மறந்துவிடுகிறோம்: பத்து உத்தியோகத்தர் இருந்தாலும், ஊர்க் கிழவர் சொல்வதை நேரடியாக விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லாவிட்டால் புலனாய்வு எங்கே தொடங்கும்?

ஆற்றங்கரை இடிவதைப் பொறுத்தவரை, அதே கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லை பற்றி நீதவானுக்கு அறிவித்து, தொல்லையை அகற்றுமாறு நிபந்தனைக் கட்டளை கேட்க முடியும். பாதையும் ஆறும் வாய்க்காலும் அந்தப் பிரிவுக்குள் வருகின்றன. குற்றவாளி எவர் என்று நிரூபித்த பின்னரே ஆற்றைக் காப்பாற்றலாம் என்ற நிலை இல்லை.

படலையடியில் வந்து மிரட்டியதை நீங்கள் சிறிதாக எடுத்திருக்கிறீர்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கு 2015இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. தகவல் கொடுத்ததற்காக ஒருவரை மிரட்டுவது அங்கே தனிக் குற்றம். நாள், நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை இப்போதே எழுதித் திகதியிட்டு வையுங்கள். உள்ளிருந்து தகவல் கசிகிறது என்ற நியாயமான சந்தேகம் இருந்தால் அதே நிலையத்திடம் அதைச் சொல்லாதீர்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பணம் கைமாறியது தெரிந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் இருக்கிறது.

முதலாளியைப் பற்றி ஒரு சொல். இத்தாலியில் 1982இல், மாஃபியாக்காரர்களின் சொத்தைப் பறிமுதல் செய்யும் சட்டம் வந்த பின்னரே அவர்களுக்கு உண்மையில் வலித்தது. எங்கள் நாட்டிலும் 2025இல் குற்றச் செயல்களின் வருமானம் தொடர்பான சட்டம் நிறைவேறியிருக்கிறது. டிப்பர் சாரதிக்குத் தண்டம் விதிப்பதோடு வழக்கு முடியாமல், டிப்பரை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விவரை போவதற்கு இனி வழி உண்டு. அதை ஒரு கிராமப் பொலிஸ் நிலையம் தனித்துச் செய்ய முடியாது என்பதும் உண்மை.


பதில் 4: டிப்பர்க்காரன்

எல்லோரும் எங்களையே சொல்கிறீர்கள். என்னிடம் ஒரு டிப்பர் இருக்கிறது. மாதம் தவறாமல் லீசிங் கட்டுகிறேன். முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்து ஓடவே விரும்புகிறேன். அதற்கு விண்ணப்பித்து, ஒவ்வோர் அலுவலகத்தின் சம்மதக் கடிதத்துக்கும் அலைந்து, அது கையில் கிடைப்பதற்குள் எத்தனை தவணை தவறுகிறது என்று எவரும் கேட்பதில்லை. களவாக ஓடுபவர் என்னைவிடக் குறைந்த விலைக்கு மணலை இறக்குவதால் என் தொழிலும்தான் கெடுகிறது. வீட்டுத்திட்டம் கொடுப்பீர்கள், கல் அரிவீர்கள், மணலுக்கு மட்டும் நேர்வழியை ஒடுக்கி வைப்பீர்கள் என்றால், குறுக்குவழி ஓடுபவனே முதலாளியாவான். கமக்காரர் அமைப்பு எழுதும் கடிதத்தில், எங்கே எவ்வளவு அள்ளினால் ஆறு தாங்கும் என்று அளந்து அந்த இடத்தை முறையாகத் திறக்குமாறும் ஒரு வரி சேர்த்தால், எங்களைப் போன்றவர்களும் ஒப்பமிடுவோம்.


பதில் 5: குற்றவியல் படிக்கும் மாணவி

சார்ஜன்ட் ஐயா கூறிய இரண்டு வாய்கள் என்ற கருத்தோடு எனக்கு உடன்பாடு. ஆனால் அங்கே நிரந்தரச் சாவடி போட வேண்டும் என்று எவரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. ஏ9 வீதியில் சோதனைச் சாவடிகளில் நின்று களைத்த மக்கள் நாங்கள். நிரந்தரமாக ஓரிடத்தில் நிற்கும் சாவடியின் நேரமாற்றத்தைக் கடத்தல்காரர் ஒரு கிழமையில் பாடமாக்கிவிடுவார்கள்.

அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1972–73இல் ஒரு பரிசோதனை நடந்தது. 15 ரோந்துப் பகுதிகளை மூன்று கூறாக்கி, ஒன்றில் வழக்கமான ரோந்து, ஒன்றில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து, ஒன்றில் அழைத்தால் மட்டும் பொலிஸ் என்று ஒரு வருடம் பார்த்தார்கள். குற்றத்திலும் மக்களின் பயத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. சும்மா சுற்றும் ஜீப் எரிபொருளைத்தான் குறைக்கிறது. பின்னர் மினியாபொலிஸ் நகரின் அழைப்புகளை ஆராய்ந்து 1989இல் வெளியான கட்டுரை, ஏறத்தாழ 3 வீதமான முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்ததைக் காட்டியது. அந்த நகரங்கள் வேறு, எங்கள் ஆறு வேறு. ஆனாலும் மணல் இறங்கும் துறை எத்தனை, கும்பி எத்தனை, வீதியில் ஏறும் ஒழுங்கை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், ஊர் முழுவதும் என்று நாம் சொல்வது ஐந்தாறு புள்ளிகளாகச் சுருங்கிவிடும் என்று நினைக்கிறேன். அந்தப் புள்ளிகளில் எதிர்பாராத நேரத்தில் கால் மணித்தியாலம் நின்றுவிட்டுப் போகும் இரண்டு உத்தியோகத்தர், இரவு முழுவதும் சுற்றும் ஜீப்பைவிடப் பயன் தருவார்கள்.


ஆற்றங்கரைக் கமக்காரன்

எழுதிய அனைவருக்கும் நன்றி. அக்கா எழுதியதை எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். தலையாட்டி என்ற சொல் வந்த இடத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் பெரியவர் ஒருவர், "அமைப்பின்ர பேரில எண்டால் நானும் கையெழுத்து வைப்பன்" என்றார். பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்திருக்கிறோம். தகவலறியும் விண்ணப்பத்தை அதற்கு முன்னரே அனுப்பிவிடுவோம். டிப்பர்க்காரத் தம்பி கேட்ட வரியைச் சேர்ப்பதா என்று விவாதம் நடக்கிறது. எனக்குச் சம்மதம், வயல் இடிந்தவர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை. மாணவி சொன்னபடி எண்ணினோம். துறைகள் நான்கு, கும்பிகள் இரண்டு, வீதியில் ஏறும் ஒழுங்கைகள் மூன்று. இரண்டு வருடமாக ஆறு முழுவதும் கொள்ளை போகிறது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

சார்ஜன்ட் ஐயாவிடம் ஒரு சந்தேகம். கும்பி கிடக்கும் இரண்டு காணிகளில் ஒன்று எங்கள் அங்கத்தவர் ஒருவருடைய மைத்துனருடையது. கடிதத்தோடு அனுப்பப்போகும் வரைபடத்தில் அதையும் குறித்து அனுப்புவதா?


ஓய்வுபெற்ற சார்ஜன்ட்

குறித்து அனுப்புங்கள். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் குறித்தால், பொறுப்பதிகாரி அங்கே போன அன்றே அந்தக் காணிக்காரர் முதல் வேலையாக உங்கள் மைத்துனர் கதையைத்தான் சொல்லுவார். அதோடு உங்கள் கடிதத்துக்கு மதிப்புப் போய்விடும். அனுப்புவதற்கு முன்னர் அந்த மைத்துனரை அமைப்பிலிருந்து இரண்டு பேர் பகலில் போய்ச் சந்தித்து, கும்பியை அப்புறப்படுத்த ஒரு கிழமை தருவதாகச் சொல்லுங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் பொறுப்பதிகாரிக்கு அனுப்பி, பிரதிகளை உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் பிரதேச செயலாளருக்கும் பணியகத்துக்கும் இடுங்கள். பிரதி போயிருக்கிறது என்பதைக் கடிதத்தின் அடியில் தெளிவாக எழுதுங்கள். நல்ல பொறுப்பதிகாரிக்கு மேலிடத்தில் ஆள் கேட்பதற்கு அது உதவும். மற்றவருக்குக் கடிதத்தை இலாச்சிக்குள் வைக்க முடியாமற் போகும்.